டொமைன் வாங்கிக் குவித்தாயிற்று, இப்போது புதுப்பிக்கச் சொல்லி பில் வருகிறது

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். விற்று லாபம் பார்க்கலாம் என்று சென்ற ஆண்டு சலுகை விலையில் 23 டொமைன் பெயர்கள், அதாவது இணையதள முகவரிகள், வாங்கினேன். டாட் காம், டாட் கோ டாட் ஸெட்ஏ, டாட் டர்பன், டாட் ஆன்லைன் எல்லாம் கலந்து இருக்கின்றன. அவற்றுள் இரண்டு பெயர்களில் ஒரு பிரபல சூப்பர்மார்க்கெட்டின் பெயர் வருகிறது. இரண்டு தமிழ் எழுத்தில் உள்ளவை. ஒன்றுகூட விற்கவில்லை, புதுப்பிக்கும் நேரமும் வந்துவிட்டது. இதற்கிடையே ஒரு பெயருக்கு 4,500 டாலர் தருவதாக ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வேண்டுமாம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: முதலில் அந்த 4,500 டாலர் ஆசாமியைப் பார்ப்போம். சான்றிதழுக்கென்று ஒரு ரேண்ட்கூடக் கட்டாதீர்கள். இது பழைய தூண்டில். விலை பேசும்போது ஒரு தடையும் சொல்லமாட்டார். அப்புறம் "என் பங்குதாரர் சான்றிதழ் கேட்கிறார், இந்தத் தளத்தில் வாங்கினால் ஏற்றுக்கொள்வார்" என்று ஒரு முகவரியைத் தள்ளுவார். அந்தத் தளமும் அவர் ஆட்களுடையதுதான். நீங்கள் கட்டணம் செலுத்திய மறுநாள் ஆளைக் காணமாட்டீர்கள். சோதித்துப் பார்க்க ஆசையா? "மதிப்பீடு வேண்டுமானால் உங்கள் செலவில் செய்துகொள்ளுங்கள், பணத்தை எஸ்க்ரோவில் போடுங்கள், பெயரை மாற்றித் தருகிறேன்" என்று இரண்டு வரி எழுதுங்கள். (எஸ்க்ரோ என்பது பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் ஒரு நிறுவனம் வைத்திருக்கும் ஏற்பாடு.) உண்மையில் வாங்க வந்தவருக்கு அதில் சிக்கலே இல்லை.

அடுத்தது சூப்பர்மார்க்கெட் பெயர்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள். முக்கியமாக, அந்த நிறுவனத்துக்கே எழுதி விலை பேசிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவுக்கு உரிய டாட் ஸெட்ஏ பெயர்களுக்கு 2006 முதல் தனித் தகராறுத் தீர்வு விதிகள் இருக்கின்றன. பிறருடைய உரிமையைப் பயன்படுத்தி, கைச்செலவுக்கு மேல் விலைக்கு விற்பதையே முக்கிய நோக்கமாக வைத்துப் பதிவு செய்திருந்தால், அது முறைகேடான பதிவு என்பதற்குச் சான்றாகிறது. நீங்கள் அனுப்பும் கடிதமே அவர்கள் வக்கீலுக்குச் சாட்சி. டாட் காமுக்கு 1999-இல் வந்த சர்வதேச நடைமுறை வேறு. பெயர் வணிகச் சின்னத்தோடு குழப்பும்படி ஒத்திருக்கிறதா, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை உண்டா, தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்தினீர்களா என்று மூன்றைப் பார்ப்பார்கள். தோற்றால் பெயர் போகும். இனி எதை வாங்கினாலும், அதற்குமுன் நிறுவனங்களையும் வணிகச் சின்னங்களையும் பதியும் அரசு அமைப்பான சிஐபிசி-யின் வணிகச் சின்னப் பதிவேட்டில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

மீதி 21 பெயர்கள். இங்கேதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனது போன்ற செய்திகளைப் படித்துத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். அது ஒரே சொல், டாட் காம், வாங்கியது கையில் காசுள்ள ஒரு கம்பெனி. தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கோ வேறு: கையிலுள்ள பெயர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ விற்கும். நல்ல பெயர்களாகப் பொறுக்கி வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை. உங்கள் 21-க்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டரை முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு விற்பனை. அதுவரை அத்தனைக்கும் பில் கட்ட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள் எடுங்கள். இதை இன்றைக்கே வாங்கக்கூடிய ஐந்து கடைகள் அல்லது கம்பெனிகளின் பெயரை எழுதுங்கள். "யாராவது ஒருநாள் வாங்குவார்கள்" என்பது பதில் ஆகாது. எடுத்துக்காட்டாக, உங்களிடம் டர்பன்கேட்டரிங் டாட் கோ டாட் ஸெட்ஏ மாதிரி ஒன்று இருந்தால், கல்யாணம், காவடி விசேஷங்களுக்குச் சமைத்துத் தருபவர்களின் வேன்களைப் பாருங்கள். பக்கவாட்டில் நீளமான, வாயில் நுழையாத முகவரியை எழுதியிருப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர். பட்டியலில் ஐந்து பேர் சேரவில்லையா, விடுங்கள்.

இன்னொரு சோதனையைப் புதியவர்கள் செய்வதே இல்லை. உங்கள் டாட் ஆன்லைன் பெயரின் டாட் கோ டாட் ஸெட்ஏ வடிவத்தைத் தேடுங்கள். அது இன்னும் யாரும் வாங்காமல் கிடந்தால், உங்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து டாட் ஆன்லைனை எவர் வாங்குவார்? டாட் டர்பனுக்கும் இதே கதைதான். டாட் ஜோபர்க், டாட் கேப்டவுனோடு 2014-இல் வந்தது. ஊர்ப்பற்றுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் தெருக் கடைப் பலகைகளில் எத்தனை டாட் டர்பன் கண்ணில் பட்டது? முதலாண்டு மலிவு, இரண்டாம் ஆண்டு பல மடங்கு என்பது பெயரின் கடைசியில் வரும் இப்படிப்பட்ட புதுப் பின்னொட்டுகள் பலவற்றின் வியாபார உத்தி. டாட் காமில் அந்த அதிர்ச்சி குறைவு. பெயர்களைப் பதிந்து விற்கும் நிறுவனங்களான பதிவாளர்களுக்கு அதன் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது.

தமிழ் எழுத்துப் பெயர்களில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அவை உள்ளே எக்ஸ்என் என்று தொடங்கும் நீண்ட குறியீடாகத்தான் இயங்குகின்றன, பல விண்ணப்பப் படிவங்கள் அவற்றை ஏற்பதில்லை. டர்பனில் தமிழ்க் குடும்பங்களே ஆங்கிலத்தில்தான் தேடுகின்றன. சொந்தத் தளம் நடத்துவதாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், விற்பனைக்கு வேண்டாம்.

விடுவதென்று முடிவெடுத்த பெயர்களுக்குத் தானியங்கிப் புதுப்பித்தலை இன்றே அணைத்துவிடுங்கள். பல பதிவாளர்கள் கெடு முடியுமுன்பே அட்டையிலிருந்து பணம் எடுத்துவிடுவார்கள். தவறுதலாக ஒரு டாட் காமை விட்டுவிட்டால், கெடு முடிந்தபின் தரப்படும் சலுகைக் காலத்துக்குப்பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கேட்கும் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

வைத்துக்கொள்ளும் நாலைந்து பெயர்களுக்கு வாங்குபவர் கிடைத்தால், பணம் எஸ்க்ரோவில் சேர்ந்த பிறகே டாட் காமை வேறு பதிவாளருக்கு மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீட்டைக் கொடுங்கள். புதிதாகப் பதிந்த டாட் காமை முதல் 60 நாள் வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விற்றுச் சம்பாதிக்கவே வாங்கியவை என்பதால் லாபத்தை தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் மூலதன ஆதாயமாக அல்ல, சாதாரண வருமானமாகவே பார்க்கும். வாங்கிய ரசீதுகளையும் புதுப்பித்த பில்களையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.