ரெட்டைக் குழந்தைங்களோட கப்பல்ல போலாமா?

கேள்வி: எனக்கு ரெட்டைக் குழந்தைங்க, பையனும் பொண்ணும், இப்போ 8 மாசம். நாங்க கோத்தகிரி. என் கொழுந்தனார் சிங்கப்பூர்ல இருக்கார், அங்கிருந்து பினாங்கு, புக்கெட்னு நாலு நாள் குரூஸ் இருக்கு, எல்லாரும் சேர்ந்து போலாம்னு கூப்பிடுறார். அப்போ குழந்தைங்களுக்கு 11 மாசம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு ரொம்ப ஆசை. பிரசவத்துக்கு அப்புறம் நான் எங்கயுமே போகல, எனக்கும் ஆசைதான், ஆனா பயமா இருக்கு. மாமியார் கப்பல்னு பேச்செடுத்தாலே எந்திரிச்சு உள்ள போயிடுறாங்க, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க. அவங்க சின்ன வயசுல சிலோன்ல இருந்து வந்தவங்க. போலாமா, வேண்டாமா? (பேர் போட வேண்டாம்)

பதில்: போலாம் தங்கச்சி. ஒரே வார்த்தைல கேட்டா இதான் பதில். ஆனா நீங்க கேட்ட கேள்விய விட, போற போக்குல மாமியாரப் பத்தி எழுதின அந்த ரெண்டு வரிதான் எனக்கு ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதுக்கு கடைசில வரேன், மொதல்ல கப்பல் விஷயத்த முடிச்சிடலாம்.

நான் இத கேள்விப்பட்டு சொல்லல. என் பொண்ணுக்கும் ரெட்டைதான், ரெண்டும் பொண்ணு, பத்தாவது மாசத்துல அதுங்கள தூக்கிட்டு குன்னூர்ல இருந்து கெளம்பி இதே சிங்கப்பூர்லதான் கப்பல் ஏறினோம், நான், அவ, மாப்பிள்ளை. நாலு ஸ்வெட்டர், ஒரு பாக்கெட் வர்க்கி, எண்ணிக்கையே இல்லாம டயப்பர். வர்க்கி மேட்டுப்பாளையம் தாண்டறதுக்குள்ள தூளாப் போச்சு, அது வேற கதை.

வயசுல உங்களுக்குப் பிரச்சனை இல்ல. முக்கால்வாசி கம்பெனிங்க கப்பல் கெளம்புற அன்னைக்கு 6 மாசம் முடிஞ்சிருக்கணும்னு கேப்பாங்க, நடுக்கடல்லயே தொடர்ந்து பல நாள் ஓடுற பெரிய பயணம்னா 12 மாசம். நீங்க போறது கரையோரமா ஊர் ஊரா நிக்கிற பயணம். ஆனா ரெட்டைன்னா நெறைய பேருக்கு முன்கூட்டியே பிரசவம் ஆயிடும், உங்களுக்கும் அப்படின்னா கம்பெனி பாக்குறது பிறந்த தேதிய, டாக்டர் பாக்குறது பொறந்திருக்க வேண்டிய தேதிய, அதனால உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. 9 மாசத்துல போடுற தட்டம்மை தடுப்பூசிய போடாம கெளம்பாதீங்க, ஆயிரக்கணக்கான பேர் ஒரே எடத்துல சாப்பிட்டு ஒரே லிஃப்ட்ல ஏறி இறங்குற எடம் அது.

இப்போ ரெட்டைக்காரங்க மட்டும் மாட்டிக்கிற விஷயம். கப்பல்ல கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். பஸ்ல மடியில வெச்சுக்கிற கணக்கு அங்க எடுபடாது, ஏன்னா ஆபத்துன்னா ஏத்துற படகுல ஒவ்வொரு உயிருக்கும் எடம் இருக்கணும், 1912ல டைட்டானிக் முழுகினப்போ படகு பத்தாமப் போனதுக்கு அப்புறம் உலக நாடுகள் சேர்ந்து கடல் பாதுகாப்புக்குனு சட்டம் போட்டது அதனாலதான். அதனால நீங்க நாலு பேர், நாலு பேர் தங்குற கேபின்தான் புக் பண்ணணும், நெறைய கேபின் ரெண்டு இல்லன்னா மூணு பேருக்கு மேல எடுக்காது. எங்களுக்கு புக் பண்ணிக் குடுத்த ஏஜென்ட், பேர் எதுக்கு, "பச்சக்குழந்தைதானே மேடம், கணக்குலயே வராது"ன்னு சொல்லி மூணு பேருக்கு மேல எடுக்காத கேபின போட்டுட்டாரு, கெளம்ப ஒன்பது நாள் இருக்கிறப்போ கம்பெனில இருந்து மெயில் வருது, இந்த கேபின்ல நாலு பேர் ஏத்த முடியாதுன்னு. நான் ஏற்கனவே தனி கேபின் எடுத்திருந்ததால ஒரு குழந்தைய என் பேர்ல மாத்தி தப்பிச்சோம். நீங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு குழந்தை பேரும் டிக்கெட்ல ஏறிடுச்சா, குழந்தைக்கு எவ்வளவு, துறைமுகக் கட்டணம் எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. ஏறின உடனே ஒரு பயிற்சி வெப்பாங்க, எங்க போய் நிக்கணும், ஜாக்கெட் எப்படிப் போடணும்னு, அதுல குழந்தைங்களுக்கான லைஃப் ஜாக்கெட் ரெண்டு இருக்கான்னு கேட்டு கண்ணால பாத்துடுங்க.

கேபின் சின்னதுதான். 170 சதுர அடிக்குப் பக்கம் இருக்கும், அதுலயே பாத்ரூம், பீரோ எல்லாம். மடக்குற தொட்டில் கேட்டா காசில்லாம தருவாங்க, முன்னாடியே சொல்லி வெக்கணும், ஆனா ரெண்டு தொட்டில் விரிச்சா அப்புறம் நடக்க எடமில்ல, ராத்திரி பாத்ரூம் போகணும்னா கட்டில் மேல ஏறித்தான் போகணும். உங்க வீட்டுல தூளில தூங்குற பழக்கமா? அப்படின்னா இப்போ இருந்தே மெதுவா தரைல படுத்துத் தூங்கப் பழக்குங்க, கேபின்ல சேலை கட்ட ஒரு கொக்கியும் கிடையாது. எங்க மாப்பிள்ளை எங்கயோ படிச்சுட்டு காந்தக் கொக்கி வாங்கிட்டு வந்தாரு, கப்பல் சுவரு இரும்புல்ல, நல்லாவே ஒட்டுச்சு, ஆனா அதுல துண்டும் தொப்பியும்தான் மாட்டலாம், குழந்தைய மாட்ட முடியாது. நல்லவேளை, மொத ராத்திரியே கப்பல் அசையுற அசைவுல ரெண்டும் தூங்கிடுச்சு, நாங்கதான் முழிச்சிருந்தோம்.

பக்கத்துல பக்கத்துல ரெண்டு சீட்டு இருக்கிற ஸ்ட்ரோலர் வெச்சிருந்தா வீட்டுலயே விட்டுடுங்க, சாதாரண கேபின் கதவுல அது நுழையாது, வெளிய வராந்தாவுலயும் நிறுத்த விட மாட்டாங்க, தீ பிடிச்சா ஓடுற வழி அது. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு இருக்கிறது, இல்லன்னா மடக்குற சின்ன வண்டி ரெண்டு.

பவுடர் பால் குடுக்கிறீங்கன்னா வெந்நீர்தான் பெரிய தலைவலி. கேபினுக்குள்ள கெட்டில் எடுத்துட்டுப் போக விட மாட்டாங்க, பெட்டி சோதனைல எடுத்து வெச்சுடுவாங்க. நல்ல ஃப்ளாஸ்க் ஒண்ணு கொண்டு போங்க, சாப்பாட்டு ஹால்ல கொதிக்கக் கொதிக்க புடிச்சுக்கலாம். பவுடர கலக்குற தண்ணி 70 டிகிரிக்குக் கொறையக் கூடாது, அப்புறம் ஆறவெச்சுக் குடுக்கணும், ஃப்ளாஸ்க்ல வெச்சு மறந்துட்டு வெதுவெதுப்பா ஆனதுல கலக்காதீங்க. வீட்டுல அரைச்ச சத்துமாவு, ராகி மாவு எல்லாம் பல கம்பெனில விடமாட்டாங்க, சீல் ஒடைக்காத பாக்கெட்டா இருக்கணும். மத்தபடி சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க, சிங்கப்பூர்ல இருந்து போற கப்பல்ல நம்மாளுங்க நெறைய, உப்பு காரம் இல்லாம சாதமும் பருப்பும் கொழைய வேணும்னு மொத நாளே சொல்லி வெச்சீங்கன்னா செஞ்சு குடுப்பாங்க.

விளம்பரத்துல குழந்தைய வெச்சுக்கிட்டு நீச்சல் குளத்துல சிரிக்கிற படத்த நம்பாதீங்க. டயப்பர் போடுற குழந்தைய பெரிய குளத்துல எறக்க விட மாட்டாங்க, ஒண்ணு ரெண்டு கப்பல்லதான் அதுங்களுக்குன்னு தனி தண்ணி எடம். அதே மாதிரி குழந்தைங்க கிளப்னு போட்டிருப்பாங்க, அது பெரும்பாலும் 3 வயசாகி டயப்பர் விட்டவங்களுக்கு. சில கப்பல்ல மட்டும் 6 மாசத்துல இருந்து பாத்துக்கிற நர்சரி உண்டு, மணிக்கு இவ்வளவுன்னு காசு, ஏறின அன்னைக்கே ஓடிப்போய் நேரம் புடிக்கணும்.

வாந்தி பத்தி பயப்படுறீங்களா? நீங்க கோத்தகிரிக்காரங்க, குஞ்சப்பனை வழியா கீழ எறங்குறப்போ பின்சீட்டுல யாருக்குக் கொமட்டுதுன்னு யோசிங்க, உங்களுக்கா குழந்தைங்களுக்கா? ரெண்டு வயசுக்குள்ள பயண வாந்தி அபூர்வம், வர்றதெல்லாம் நமக்குத்தான். மலாக்கா நீரிணை ரெண்டு பக்கமும் நெலம் இருக்கிற கடல், பொதுவா பெருசா ஆட்டாது. கேபின் கப்பலோட நடுவுல, கீழ்த்தளமா கேளுங்க, மேல போகப் போக ஆட்டம் ஜாஸ்தி. ஒண்ணு மட்டும் கண்டிப்பா: பெரியவங்க போட்டுக்கிற வாந்தி மாத்திரைய ஒடச்சு கால்வாசி குழந்தைக்குன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, புரோமெதசின் வகை மருந்து 2 வயசுக்குள்ள குடுக்கவே கூடாது, மூச்சையே அமுக்கிடும். நீங்க தாய்ப்பால் குடுக்கிறீங்கன்னா உங்களுக்கும் டாக்டர கேட்டுட்டுத்தான்.

கப்பல்ல கிளினிக் இருக்கும், டாக்டரும் இருப்பார், குழந்தை டாக்டரா இருக்க மாட்டார், பில்லும் டாலர்ல வரும். இன்சூரன்ஸ் போடாம ஏறாதீங்க, நாலு பேருக்கும். அப்புறம் வயித்துப்போக்கு கிருமி கப்பல்ல சட்டுனு பரவும், அதுக்கு சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டுக் கழுவுனாதான். நம்ம குளுருல வளந்த குழந்தைங்களுக்கு சிங்கப்பூர் வெக்கைல மொத நாளே கழுத்துல வேர்க்குரு வந்துடும், கப்பலுக்குள்ள ஏசியோ நம்ம டிசம்பர் மாதிரி இருக்கும், அங்கதான் ஸ்வெட்டர் ஒதவுச்சு.

எனக்குக் கேட்டா கப்பல விட கப்பலுக்குப் போய்ச் சேர்றதுதான் கஷ்டம். மலை எறங்கறப்போ காது அடைக்கும், அந்த நேரம் பால் குடுங்க, முழுங்க முழுங்க சரியாயிடும், ஃப்ளைட் எறங்கறப்போவும் அதேதான். அன்னைக்கே எறங்கி அன்னைக்கே ஏறாம மொத நாள் கோவைலயே தங்கிடுங்க, அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரா ஃப்ளைட் இருக்கு. ஃப்ளைட்ல ஒரு பெரியவங்க மடியில ஒரு குழந்தைதான். ஒரு வரிசைல ஒரு பக்கத்துக்கு கூடுதலா ஒரே ஒரு ஆக்சிஜன் மாஸ்க்தான் இருக்கும்ங்கிறதால ரெண்டு மடிக்குழந்தைய ஒரே பக்கம் பக்கத்துல பக்கத்துல உக்கார வெக்க மாட்டாங்க, நீங்க ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம். அப்போ நீங்க பாத்ரூம் போகணும்னா உங்க கைல இருக்கிறத யார் வாங்கிக்குவா?

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடுறேன். ரெண்டு பேருக்கும் தனித்தனி பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ்ல பேர் ஏறியிருக்கணும், பேர் போடாம "ஆண் குழந்தை", "பெண் குழந்தை"ன்னு விட்டிருந்தா இன்னைக்கே போய் சேருங்க. சிங்கப்பூர் விசா எடுக்கிறப்போ ரெண்டாவது தடவை உள்ள வர்றதுக்கும் செல்லுமான்னு பாருங்க, கப்பல் திரும்பி வந்து எறங்குறப்போ அது மறுபடியும் உள்ள வர்ற கணக்கு.

சரி, மாமியார்.

அந்த ஃப்ளைட் கேள்விக்கும் கேபின் கேள்விக்கும் பதில் ஒண்ணுதான், மூணாவது ஜோடிக் கை. ரெட்டைக்கு ரெண்டு பேர்னா ஆளுக்கு ஒண்ணு, யாருக்கும் லீவே கிடையாது, வீட்டுல செய்யுற அதே வேலைய கடல் மேல செய்வீங்க, காசும் குடுத்து. நான் கூட இருந்ததாலதான் என் பொண்ணு பினாங்குல மூணு மணி நேரம் புருஷனோட நடந்துட்டு வந்தா. எல்லாரும் எறங்கினதும் கப்பலே காலியா இருந்துச்சு, நான் ரெண்டையும் வெச்சுக்கிட்டு மேல்தளத்துல நிழல்ல உக்காந்திருந்தேன், அந்த மூணு மணி நேரம்தான் எனக்கும் அந்தப் பயணத்துலயே புடிச்ச நேரம்.

அதனால உங்க மாமியாரக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லத்தான் நெனச்சேன், அப்புறம் அந்த வரி. எங்க எதிர் வீட்டு அக்காவும் சிலோன்ல இருந்து வந்தவங்க. சிலோன் தோட்டத்துல இருந்த நம்மாளுங்கள்ல பல பேர இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புறதுக்குப் போட்ட 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னார்ல கப்பல் ஏத்தி ராமேஸ்வரத்துல எறக்கி, மண்டபம் கேம்ப்ல வெச்சிருந்து, அங்கிருந்து பல குடும்பங்கள டான்டீங்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்குனு இந்த மலைக்கு அனுப்பினாங்கல்ல, அதுல வந்தவங்க. ராத்திரி தங்கல் கூட இல்லாத சின்னப் பயணம்தான் அது. ஆனா பொறந்த லயத்த, அதான் தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்ட, பாட்டிய பொதச்ச எடத்த, கூட வெளையாடின புள்ளைங்கள விட்டுட்டு ஏறின கப்பல். அக்கா ஒரு தடவை சொன்னாங்க, அவங்க அம்மா இடுப்புல தம்பிய வெச்சுக்கிட்டு கரை மறையுற வரைக்கும் திரும்பியே பாக்கலியாம். அவங்க யாரும் கப்பல்ங்கிற வார்த்தைய சந்தோஷத்தோட சேத்து சொல்லி நான் கேட்டதில்ல. உங்க மாமியாருக்கும் இதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லல, வேறயாவும் இருக்கலாம். கேட்டாதானே தெரியும்.

"ஏன் அத்தை வேண்டாங்கிறீங்க"ன்னு கேக்காதீங்க, அது சண்டைல போய் முடியும். குழந்தைங்களுக்கு எண்ணெய் தேச்சு விடுறப்போ பக்கத்துல உக்காந்து, "அத்தை, நீங்க வந்த கப்பல் எப்படி இருந்துச்சு"ன்னு மட்டும் கேளுங்க. பதில் வர ரெண்டு மூணு நாள் கூட ஆகலாம், விட்டுடுங்க. உங்க வீட்டுக்காரரையும் கேக்கச் சொல்லுங்க, ஆம்பளப் பசங்க இத எல்லாம் கேட்டிருக்கவே மாட்டாங்க.

அதுக்கப்புறமும் வரலன்னு சொன்னா வற்புறுத்தாதீங்க. அப்போ நீங்களும் இந்தத் தடவை கப்பல விட்டுட்டு கொழுந்தனார் வீட்டுல பத்து நாள் தங்கி ஊர் சுத்திட்டு வாங்க, குழந்தைங்களுக்கு 3 வயசானா அந்த கிளப்பும் குளமும் உங்களுக்குத் தொறக்கும். வரேன்னு சொல்லிட்டாங்கன்னா, நாலு பேர் கேபின் பத்தாது, அவங்களுக்கு பக்கத்துலயே இன்னொண்ணு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல கதவு வெச்ச கேபின் சில கப்பல்ல உண்டு. அவங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கான்னு இப்பவே கேட்டுடுங்க. சிலோன்ல பொறந்தவங்கன்னா தாயகம் திரும்பினப்போ குடுத்த பழைய பேப்பர், குடும்ப அட்டை எல்லாம் கேப்பாங்க, அது எந்த டிரங்குப் பெட்டில எந்தத் துணிக்கு அடியில இருக்குன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும், தேடி எடுத்து சரி பண்ண மாசக்கணக்கா ஆகலாம், உங்ககிட்ட இருக்கிறது மூணு மாசம்.