ஆறினாலும் ருசிக்கிற ராத்திரி சாப்பாடு

வாசகர் கேள்வி - பதில்

என் மகளுக்கு நாலு வயது, எல்கேஜி படிக்கிறாள். எனக்கு மதிய ஷிஃப்ட். ஒரு மணிக்கு அவளை கிரச்சில் விடும்போதே ராத்திரி சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். ஆறரைக்குச் சாப்பிடுவாள். அங்கே சூடு பண்ணித் தரமாட்டார்கள், ஃப்ரிட்ஜும் கிடையாது. பொங்கல், தோசை, உப்புமா எது கொடுத்தாலும் டப்பா அப்படியே திரும்பி வருகிறது. தயிர்சாதம் மட்டும் காலியாகிறது. தினமும் அதையே கொடுக்கலாமா?
வாசகி, தாம்பரம்

டப்பா திரும்பி வருவதற்கு உங்கள் மகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன மூன்றுமே சூட்டுக்கென்று பிறந்த பலகாரங்கள். பொங்கலில் நெய் உறைந்து, ஆறும்போது பருப்பும் அரிசியும் சேர்ந்து கட்டியாகிவிடும். ரவா உப்புமா கேக் மாதிரி இறுகும். தோசை தோலாகிவிடும். பெரியவர்களே ஆறிப்போன பொங்கலைத் தள்ளிவைப்போம். தயிர்சாதம் ஆறினபின் சாப்பிடவென்றே செய்கிற சோறு, அதனால்தான் அது காலியாகிறது. அந்த இனத்திலேயே இன்னும் நாலைந்து வகை பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் அந்தத் தயிர்சாதத்தையே சரிபார்த்துவிடுவோம். குழைய வெந்த சாதம் அரை கப் எடுத்து, சூடாக இருக்கும்போதே கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள். ஆறினால் பருக்கை மசியாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காய்ச்சி ஆறிய பால் அரை கப், தயிர் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கலக்கும்போது கஞ்சி மாதிரி தளர்வாகத்தான் இருக்க வேண்டும். சாதம் இழுத்துக்கொண்டு, பாலும் உறைந்து, சாயங்காலம் பதமாகிவிடும். கொதிக்கிற சாதத்தில் தயிரைப் போட்டால் திரிந்து திப்பித்திப்பியாகும். மார்ச் முதல் ஜூன் வரை கட்டாயம் ஐஸ் பை வைத்து, துணிப்பைக்குப் பதில் சூடு புகாத பையில் கொடுங்கள். முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்த சின்ன பாட்டிலும் போதும். ஆனால் குளிரில் பால் உறையாது, ராத்திரி நீர்க்கவே இருக்கும். ஐஸ் வைக்கிற நாளில் பாலைக் கால் கப்பாகக் குறைத்து, தயிரைக் கால் கப்பாகக் கூட்டிவிடுங்கள்.

அடுத்து பொடி இட்லி. ரயில் பயணத்துக்கு நம் வீடுகளில் இதைத்தான் கட்டுவார்கள். மாவின் புளிப்பு கெடுவதைத் தாமதப்படுத்தும், நல்லெண்ணெய் காய விடாது. பன்னிரண்டு மினி இட்லிக்கு ஒன்றரை டீஸ்பூன் பொடி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். நெய் வேண்டாம், வெள்ளையாக உறைந்து நாக்கில் ஒட்டும். குழந்தைக்கான பொடிக்கு உளுத்தம்பருப்பு கால் கப், கடலைப்பருப்பு கால் கப், எள் இரண்டு டேபிள்ஸ்பூன், வறுத்த வேர்க்கடலை இரண்டு டேபிள்ஸ்பூன், மிளகாய் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து நைசாகவே அரையுங்கள். இட்லி நன்றாக ஆறியபிறகு புரட்ட வேண்டும். ஆவி பறக்கும்போது புரட்டினால் பொடி ஈரம் குடித்துக் களியாகும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி இட்லி பிசுபிசுக்கும். தேங்காய்ச் சட்னி இந்த டப்பாவுக்குள் போகவே கூடாது. வெயிலில் எல்லாவற்றுக்கும் முன்னால் கெடுவது அதுதான். இன்னொன்று, இட்லியை ஐஸ் பாட்டிலோடு ஒட்டி வைக்காதீர்கள். மாவுச்சத்து ஃப்ரிட்ஜ் குளிரில்தான் வேகமாக இறுகும்.

மூன்றாவது சப்பாத்தி ரோல். கோதுமை மாவு ஒரு கப், தயிர் இரண்டு டேபிள்ஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர். தளர்வாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சிறுதீயில் வெகுநேரம் வாட்டினால் ஈரம் போய் அப்பளமாகும். உள்ளே தடவ, வெந்த கொண்டைக்கடலை அரை கப், வறுத்த எள் ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் இரண்டு டீஸ்பூன், உப்பு சேர்த்து விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். கடலை எட்டு மணி நேரம் ஊறி, விரலால் நசுக்கினால் மாவாகும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் மாதிரி நெறுநெறுக்கும். இந்த விழுதும், இதற்குப் பதில் பனீரோ முட்டையோ வைத்தால் அதுவும் ஐஸ் பை இருக்கிற நாளுக்கு மட்டும்.

எலுமிச்சை அவல், எலுமிச்சை இடியாப்பம் இரண்டும் ஆறினாலும் நன்றாகவே இருக்கும். கெட்டி அவல் என்றால் இரண்டு முறை அலசிப் பத்து நிமிடம் ஊறட்டும். மெல்லிய அவலை அலசி வடித்தாலே போதும், ஊறவைத்தால் கூழாகிவிடும். தாளிப்பில் முழு வேர்க்கடலை போடாமல் பொடித்துத் தூவுங்கள்.

கடைசியாக ஒன்று. கிரச்சில் ஐந்தரைக்கு பிஸ்கட் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுத்தால் ஆறரைக்கு எந்த டப்பாவும் காலியாகாது. நாலு மணிக்கே சிற்றுண்டி முடிந்துவிட வேண்டும்.

பேரனுக்கு மூன்றரை வயது. மகளும் மருமகனும் வேலையிலிருந்து வர ஒன்பது மணியாகும். எனக்கு முழங்கால் வலி, மாலையில் அடுப்படியில் நிற்க முடியாது. காலையிலேயே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறாள் மகள். பையன் காய் என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். மறைத்துக் கொடுத்தாலும் கண்டுபிடித்துத் துப்புகிறான்.
வாசகி, ஸ்ரீரங்கம்

மறைத்துக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறதம்மா. ஒருமுறை பிடிபட்டால் பையன் அடுத்து வருகிற இட்லியையும் சந்தேகப்படுவான். இரண்டு முதல் ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு பின்வாங்குவது இயல்பு. எட்டிலிருந்து பதினைந்து தடவை தட்டில் பார்த்தபிறகு ஒரு காயைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அவன் ஏற்கெனவே சாப்பிடுவதிலிருந்து ஒரு நேரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தயிர்சாதம் பிடிக்கும் என்றால் அடுத்த வாரம் தயிர் சேமியா. வெள்ளை நிறம், அதே புளிப்பு, வடிவம் மட்டும் வேறு. வறுத்த சேமியா அரை கப்பை இரண்டு கப் கொதிநீரில் மூன்று நான்கு நிமிடம் வேகவைத்து வடித்து, உடனே பச்சைத்தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் பசையாகும். தயிர் முக்கால் கப், பால் கால் கப் கலந்து வையுங்கள். சேமியா தயிரைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் பரிமாறும்போது இன்னும் இரண்டு ஸ்பூன் பால் விட வேண்டியிருக்கும். அது பழகியபின் அதிலேயே துருவிய வெள்ளரிக்காய் ஒரு டீஸ்பூன், விதைப்பகுதியை எடுத்துவிட்டு. பிறகு துருவிய காரட். பிறகு அதே காரட்டைத் தயிர்ப்பச்சடியாகத் தனிக் கிண்ணத்தில்.

பீட்ரூட் பச்சடி பல பிள்ளைகளுக்கு நிறத்துக்காகவே பிடித்துப்போகும். துருவி ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் இரண்டு டேபிள்ஸ்பூனை அரை கப் தயிரில் கலக்க வேண்டும். உப்பு பரிமாறும்போதுதான். காலையிலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், பீட்ரூட்டின் சாயம்தான்.

முட்டை சாப்பிடுகிற வீடென்றால் உங்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபின் பத்து நிமிடம் வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். கூடுதலாக வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்து கந்தக வாடை அடிக்கும்; பிள்ளைகள் மூக்கைப் பொத்துவது அதற்குத்தான். ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது உரித்தால் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அவன் வயதுக்கு ஒரு நாளுக்கே 12 முதல் 16 கிராம்தான் தேவை.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் வெளியே இருக்கட்டும். பல்லுக்குக் கூசுகிற குளிரில் ருசி தெரியாது. தட்டில் எல்லாம் ஒரே ஒரு ஸ்பூன் வையுங்கள், கேட்டால் மறுபடி போடலாம். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். பின்னாலேயே ஓடி ஊட்டுவது உங்கள் முழங்காலுக்கும் ஆகாது.

ஆறின சாப்பாடு கொடுத்தால் சளி பிடிக்கும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
வாசகி, ஈரோடு

இல்லை. சளி வைரஸால் வருவது. தொண்டை வலி இருக்கும்போது பிள்ளைக்கு வெதுவெதுப்பானது இதமாக இருந்தால் அதைக் கொடுங்கள், அவ்வளவுதான்.

மதியம் வடித்த சாதத்தை மேடையிலேயே வைத்திருந்து, ராத்திரி எலுமிச்சைச் சாதமாகக் கலந்து கொடுக்கிறேன். தவறா?
வாசகர், மதுரை

தவறுதான். பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் அரிசியில் இருக்கும். சாதம் வேகிற சூட்டிலும் அவை சாகாது. சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கிற அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மோப்பம் பிடித்தும் கண்டுபிடிக்க முடியாது, சாதம் நல்ல சாதமாகவே மணக்கும்.

மதியமே குழந்தைக்கு வேண்டியதை அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குக்கரோடு வைத்தால் நடுவில் இருப்பது ஆற வெகுநேரமாகும். ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறும் தாளிப்பும் சேர்த்துக் கலந்தே வைப்பது நல்லது. வெறும் சாதம் விறைத்துப்போகும், எண்ணெய் பட்ட சாதம் அவ்வளவு விறைக்காது.

இரண்டே முக்கால் வயது மகன் ராத்திரி பாலும் வாழைப்பழமும் மட்டும்தான் கேட்கிறான். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் பால் குடிக்கிறான். அது போதாதா?
வாசகி, நாகர்கோவில்

நாலு டம்ளர் என்றால் முக்கால் லிட்டருக்குக் குறையாது. அதுதான் பசியைக் கெடுக்கிறது. பாலில் இரும்புச்சத்து அநேகமாக இல்லை. அவன் வயதுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்ன இரும்புச்சத்து அளவு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம். பாலை 400 மில்லிக்குக் கொண்டுவாருங்கள், அதையும் சாப்பாட்டுக்குப் பின்னால். ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரெண்டுபடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர், அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பால் ருசிக்குப் பழகிய பிள்ளைக்குக் குளிர்ந்த ராகிக்கூழ் நல்ல பாலம். ராகி மாவு இரண்டு டேபிள்ஸ்பூனைக் கால் கப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கப் கொதிநீரில் ஊற்றி, எட்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வர வேண்டும். ஆறியபின் கெட்டி மோர் அரை கப், உப்பு. மோர் வேண்டாமென்றால் மசித்த வாழைப்பழம். கால்சியம் 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் பாலைக் குறைக்கிறோமே என்று கலங்க வேண்டாம். இரும்புக்குக் கூடவே மசித்த பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ இரண்டு ஸ்பூன், மேலே நாலு சொட்டு எலுமிச்சை. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும்.

சுண்டலை முழுசாகக் கொடுக்காதீர்கள், நசுக்கியே கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் தொண்டையை அடைக்கிற வட்டம் அப்படியேதான் இருக்கும். சில மாதமாக எடை ஏறவில்லை, வெளிறித் தெரிகிறான், விழுங்கும்போது அடிக்கடி குமட்டுகிறான் என்றால் சமையலை மாற்றிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.