‘புரோரோக்’ என்றால் கலைப்பதா, ஒத்திவைப்பதா?

கேள்வி: ஆளுநர் சட்டப்பேரவையை ‘புரோரோக்’ செய்தார் என்று ஆங்கிலச் செய்தியில் வருகிறதே, கலைத்துவிட்டார் என்றா பொருள்?

இல்லை. கூட்டத்தொடரை முடித்துவைத்தார் என்று பொருள். உறுப்பினர்களின் பதவிக்கு ஒன்றும் ஆகாது. கலைத்தால்தான் தேர்தல். அரசமைப்புச் சட்டம் 174ஆம் பிரிவில் இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது.

கேள்வி: அப்படியானால் ‘அட்ஜர்ன்’?

செய்வது யார் என்று பாருங்கள். அவைத்தலைவர் ஒத்திவைத்தால் அட்ஜர்ன். தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தாலும் அவரே திரும்பக் கூட்டலாம். புரோரோக் ஆன அவையை ஆளுநர் அழைத்தால்தான் கூட்ட முடியும். நாடாளுமன்றம் என்றால் குடியரசுத் தலைவர்.

கேள்வி: சொல்லின் வேர் என்ன ஐயா?

லத்தீனில் ‘ரொகாரே’ என்றால் கேட்பது. ரோமில் மக்கள் முன் ஒரு சட்டத்தை வைத்துச் சம்மதம் கேட்பதற்கும் அதே சொல்தான். பதவிக்காலம் முடிகிறவரின் அதிகாரத்தை நீட்டிக்கச் சம்மதம் கேட்பது ‘ப்ரோரொகாரே’. நேப்பிள்ஸை முற்றுகையிட்டிருந்த ரோமானியத் தளபதி புப்லிலியுஸ் பிலோவுக்குக் கி.மு. 326இல் இப்படி நீட்டித்தார்கள். நாமறிந்த முதல் நீட்டிப்பு அதுதான். நீட்டிப்பது பிறகு தள்ளிப்போடுவதாயிற்று. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, நாடாளுமன்றத்தோடு ஒட்டிக்கொண்டது. நீட்டிக்கப் பிறந்த சொல் இன்று நிறுத்துவதற்குப் பயன்படுகிறது! ‘இன்டராகேட்’ (விசாரிப்பது), ‘அப்ரகேட்’ (சட்டத்தை நீக்குவது), ‘சரகேட்’ (பதிலாள்) எல்லாம் இதே வேரில் கிளைத்தவை.

கேள்வி: நிலுவை மசோதாக்கள் காலாவதியாகுமா?

இந்தியாவில் ஆகாது, 107(3), 196(3) பிரிவுகள் காக்கின்றன. பிரிட்டனில், அடுத்த தொடருக்கு எடுத்துச்செல்ல அவை ஒப்புக்கொள்ளாத மசோதா விழுந்துவிடும். லண்டன் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

கேள்வி: நீதிமன்றம் இதில் தலையிட முடியுமா?

பிரிட்டனில் தலையிட்டிருக்கிறது. போரிஸ் ஜான்சன் அரசு 2019 செப்டம்பரில் ஐந்து வாரத்துக்கு நாடாளுமன்றத்தை முடித்துவைக்கச் செய்தது. அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் செப்டம்பர் 24 அன்று ஒருமித்துச் சொன்னார்கள். அதற்கான ஆணையை ரத்து செய்ததோடு நிற்கவில்லை. நாடாளுமன்றம் முடித்துவைக்கப்படவே இல்லை என்றார்கள்.

கேள்வி: இலங்கையில்?

ஜனாதிபதி செய்வார். அந்த அறிவிப்பிலேயே அடுத்த கூட்டத்தொடரின் தேதியைக் குறித்தாக வேண்டும், அது அறிவித்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை.

கேள்வி: எங்கள் சங்கக் கூட்டத்தைத் தள்ளிவைத்ததை இந்தச் சொல்லால் எழுதலாமா?

வேண்டாம். சட்டமன்றங்களுக்கே உரிய சொல் இது. சங்கத்துக்கு ‘அட்ஜர்ன்’ அல்லது ‘போஸ்ட்போன்’ போதும். உச்சரிக்கையில் அழுத்தம் ‘ரோக்’கில் விழவேண்டும், ஆங்கில எழுத்தில் (prorogue) கடைசியில் உள்ள யூ, இ இரண்டும் ஒலிக்காது.