தீபாவளி அட்டைக்கு ஏன் பதில் வரவில்லை?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் நானும் என் கணவரும் வருமான வரிக் கணக்கு அலுவலகம் நடத்துகிறோம். போன தீபாவளிக்கு, இந்தியப் பெயர்களாகப் பொறுக்கி எடுத்து, லட்சுமி படமும் தள்ளுபடிக் கூப்பனும் போட்ட வாழ்த்து அட்டையைத் தபாலில் அனுப்பினோம். நாலைந்து பேர்தான் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர், "நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு ஏன் இது?" என்று வருத்தப்பட்டார். இந்த வருடம் கோயில் விழாவுக்கு ஸ்பான்சர் செய்யலாமா? சாமி பேரைச் சொல்லிப் பிழைக்கிறோமோ என்றும் மனசு உறுத்துகிறது.

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த உறுத்தலில் இருந்தே தொடங்குகிறேன். பண்டிகையை ஒட்டி வியாபாரம் செய்வது தப்பில்லை. ஆடித் தள்ளுபடியை நினைத்துப் பாருங்கள். ஆடியில் நம் வீடுகளில் கல்யாணம் கிடையாது, புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். அதைத் தெரிந்துகொண்ட கடைக்காரர், அந்த மாதத்தில்தான் விலையைக் குறைத்தார். சாமியை விற்கிறார் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. வீட்டு வழக்கம் தெரிந்து செய்த வியாபாரம் அது.

உங்கள் அட்டையில் அந்தத் தெரிதல் இல்லை. கூப்பன் காலாவதியான பிறகு லட்சுமி படத்தை என்ன செய்வார்கள்? குப்பையில் போட மனம் வராது, வைத்துக்கொள்ளவும் இடமில்லை. படத்தை இனி போடவே வேண்டாம். ஒரு அகல் விளக்கு போதும்.

அப்புறம், 'இந்தியர்' என்று ஒரே பஞ்சாங்கம் கிடையாது. உங்கள் ஊரில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் ஒருமுறை நடந்தாலே இது புரியும். தமிழ் வீட்டில் விடியும் முன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிடுவோம், மத்தியானத்தோடு தீபாவளி பாதி முடிந்த மாதிரி. குஜராத்தி வீட்டில் மாலை லட்சுமி பூஜைதான் முக்கியம், அடுத்து அவர்களின் வருடப் பிறப்பு. சீக்கியருக்கு அது குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டையிலிருந்து விடுதலையான நாள். சமணருக்கு மகாவீரர் முக்தியடைந்த நாள். மலையாளிக்கு ஓணம்தான் பெரிது. நவராத்திரியில் குஜராத்தி அக்கம்பக்கத்தார் விரதம் இருக்கும்போது, அதே நாட்களில் வங்காளிகள் துர்கா பூஜையில் மீனும் ஆட்டுக்கறியும் சமைப்பார்கள். தேதிகூட ஒத்துவராது: 2024இல் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31, நியூயார்க் நகரப் பள்ளிகள் முதன்முறையாகத் தீபாவளிக்கு விடுமுறை விட்டது நவம்பர் 1. நவராத்திரிக்கு முந்தைய மகாளய பட்சத்தில் பல வட இந்தியக் குடும்பங்கள் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. அந்தப் பதினைந்து நாளில் விளம்பரம் வேண்டாம்.

உங்கள் தொழிலுக்கென்றே ஒரு பண்டிகை இருக்கிறது, அதைத் தவறவிட்டுவிட்டீர்களே என்றுதான் எனக்கு ஆதங்கம். குஜராத்தி வியாபாரிகள் தீபாவளியன்று சோப்டா பூஜை செய்வார்கள், கணக்குப் புத்தகத்துக்கே பூஜை. மோட்டல், மளிகைக் கடை நடத்துகிறவர்களை அந்த வாரம் நேரில் பார்த்து, புது வருடக் கணக்குக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். கூப்பன் எடுத்துப் போகாதீர்கள்.

நம் ஆட்களுக்குப் பொங்கல். ஜனவரி நடுவில் வருகிறது, வரி சீசன் தொடங்கும் நேரம். தமிழ்ச் சங்க விழாவில் ஒரு மேஜை கேட்டு வாங்கி, எஃப்பார் (FBAR), அதாவது வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் பற்றி மட்டும் பேசுங்கள். இந்தியாவில் உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அந்தப் படிவம் தரவேண்டும். அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் ஜாயின்ட் அக்கவுன்டும் அதில் வரும். இது தெரியாமல் பயந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. கெடு ஏப்ரல் 15, தவறினால் தானாகவே அக்டோபர் 15 வரை அவகாசம் உண்டு என்று யாராவது பொறுமையாகத் தமிழில் சொன்னால் அந்த முகத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள். ஆயிரம் அட்டைகள் இதைச் செய்யாது.

கோயில் ஸ்பான்சர்? செய்யுங்கள், அன்னதானத்துக்குக் கொடுங்கள். பலகையில் உங்கள் அலுவலகப் பெயர், முகவரி, போன் நம்பர் இருக்கலாம். 'எங்களிடம் வாருங்கள், கட்டணத்தில் சலுகை' என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். வரிவிலக்குப் பெற்ற கோயிலுக்கு அந்த வருமானத்தால் வரிச் சிக்கல் வரலாம். வரிக்காரரான நீங்கள் அதற்குக் காரணமாகக் கூடாது. சாப்பாட்டு வரிசையில் நிற்பவரிடம் போன் நம்பர் வாங்கவும் வேண்டாம்.

பெயரை வைத்து மதத்தை ஊகிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். புது வாடிக்கையாளர் நிரப்பும் படிவத்தில் 'எந்தப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லலாம்?' என்று ஒரு வரி சேருங்கள். விருப்பமில்லாதவர் காலியாக விடட்டும்.

வருத்தப்பட்ட அந்தக் கிறிஸ்தவ வீட்டுக்கு மட்டும் இந்த வாரமே போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள். பரிகாரமாகக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்ப வேண்டாம். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம் என்று சொன்னால் போதும்.