பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் காராகப் பழைய எஸ்யூவி வாங்கிக் கொடுக்கலாமா?

வாங்கலாம். ஆனால் கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் காரணத்துக்காக வாங்காதீர்கள். "பதினைந்து வருஷப் பழசுதான், ஆனாலும் பெரிய வண்டி, கனமான பாடி, அடிபட்டாலும் பையனுக்கு ஒன்றும் ஆகாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதையே என் அண்ணன் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக வண்டி ஓட்டுகிறேன், எங்கள் வீட்டு வண்டிகளின் ஆயில் மாற்றுவதிலிருந்து இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பதுவரை பார்ப்பது நான்தான். "நாங்களெல்லாம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) கூட இல்லாத ஜீப்பில் ஓட்டப் பழகியவர்கள், செத்தா போய்விட்டோம்?" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். செத்துப்போனவர்கள் வந்து கமென்ட் போடுவதில்லை, அவ்வளவுதான் என் பதில்.

என் மகளுக்கு லைசென்ஸ் வந்ததும் அண்ணன் தன் நண்பர் ஒருவரின் வண்டியைக் கொண்டுவந்து காட்டினார். 2003 மாடல், லேடர் சேஸிஸ் (ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்தது), ஏறுவதற்கே கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும். பாலிஷ் போட்டு முகம் பார்க்கிற அளவுக்கு வைத்திருந்தார்கள். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அந்தக் கம்பெனியின் ரசிகர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.) "இதுல ஏறி உக்காந்தா கோட்டைக்குள்ள இருக்கிற மாதிரிம்மா. எதுத்தாப்ல வர்றவன்தான் பயப்படணும்" என்றார் அண்ணன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இரண்டு வண்டிகள் மோதினால் கனமான வண்டிக்குள் இருப்பவர்களுக்குக் காயம் குறையத்தான் செய்யும். இதை நான் மறுக்கவில்லை. சின்னஞ்சிறு கார்களைப் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ்ஸும் சொல்கிறது. ஆனால் புதிதாக ஓட்டுகிற பிள்ளைகள் எதிரே வரும் வண்டியில் மட்டுமா மோதுகிறார்கள்? வளைவில் வேகம் குறைக்காமல் திரும்புவது, நாய் குறுக்கே வந்ததும் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பது, பயந்துபோய் அதே வேகத்தில் மறுபக்கம் ஒடிப்பது, ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்குவது. இப்படித் தனியாகவே விபத்தில் மாட்டுவதுதான் அந்த வயதின் ஆபத்து. உயரமான வண்டி சாய்வது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதால் வகுக்க வேண்டும். சாதாரண கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வரும், எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய கவிழ்வது சுலபம். அதுவும் காலி வண்டிக்கான கணக்கு. மேலே கேரியரில் மூட்டை, உள்ளே ஏழு நண்பர்கள் என்றால் இன்னும் மோசம்.

அப்படியானால் எஸ்யூவியே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை, அவசரப்படாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். ஒவ்வொரு கம்பெனியும் ஈஎஸ்பி, விஎஸ்சி, டிஎஸ்சி என்று ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், வேலை ஒன்றுதான். ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எந்தச் சக்கரத்துக்குத் தேவையோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இதைக் காலால் செய்ய முடியாது, நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல்தான். வண்டி தனியாக மாட்டும் உயிர்ப்பலி விபத்துகளை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்பதும் அதே ஐஐஎச்எஸ் சொன்னதுதான்.

1997இல் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் புதிதாக வந்தபோது, ஒரு ஸ்வீடன் பத்திரிகை அதை ஓட்டிப் பார்த்தது. சாலையில் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்புவதுபோல ஒரு சோதனை. வண்டி கவிழ்ந்தது. விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, எல்லாவற்றிலும் இந்த ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலைப் பொருத்திக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 நவம்பருக்குப் பிறகு விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். மற்ற எல்லா நாடுகளிலும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. விலை கூடிய வேரியன்டில் இருக்கும், கீழ் வேரியன்டில் இருக்காது. எனவே மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாவியைத் திருப்புங்கள். வழுக்கும் காரும் அதன் பின்னால் இரண்டு நெளிந்த கோடுகளும் போட்ட விளக்கு டேஷ்போர்டில் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஒன்று அந்த வசதியே இல்லை, அல்லது கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். ஏர்பேக் விளக்குக்கும் இன்ஜின் விளக்குக்கும் இதே சோதனைதான்.

நான் அந்த 2003 வண்டிக்காரரிடம் இதைத்தான் கேட்டேன். "இதுல ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கா?" அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரிடம் திரும்பி, "நல்ல கண்ட்ரோல் சார், ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார்.

இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவே இல்லை, அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நாங்கள் பார்க்கப் போன ஒவ்வொரு இடத்திலும் கேள்வி கேட்பது நான், பதில் போவது அவருக்கு. டைமிங் பெல்ட் (இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயங்க வைக்கும் பட்டை) எப்போது மாற்றியது என்று நான் கேட்கிறேன், "சாருக்கு மைலேஜ் நல்லா கிடைக்கும்" என்கிறார்கள். டெஸ்ட் டிரைவுக்குச் சாவியை அவர் கையில் கொடுக்கிறார்கள். அவர் அதை என்னிடம் நீட்டும்போது எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு. ஓட்டப்போகிறவள் என் மகள், பணம் என் சம்பளம். "மேடம் கலர் மட்டும் சொல்லுங்க" என்றார் ஒருவர். பழைய வண்டிக்கு நான் எங்கே போய்க் கலர் சொல்வது? இதை ஒரு தனிக் கேள்வியாக யாராவது கேட்டால் தனியாக எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

சரி, அந்த வண்டி. டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல்பக்க ரப்பர் கட்டைகள்) நன்றாகவே இருந்தது. பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3709 என்றால் 2009ஆம் ஆண்டின் 37வது வாரம் செய்த டயர். அதில் இருந்தது அதுதான். ஓடாமல் நின்ற வண்டியின் டயர் தேயாது, ஆனால் ரப்பர் உள்ளே காய்ந்துபோகும். பத்து வருஷம் தாண்டிய டயரை எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறார்கள் டயர் செய்கிறவர்களே. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். டயரும் உயரமான வண்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டைப் பாருங்கள். ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் இருந்தவை. ஓடும்போது மேல்பட்டை பிய்ந்துபோய் வண்டிகள் உருண்டன.

நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டினேன். அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புப் பெயின்ட். எனக்கு அப்போதே சந்தேகம். அவர் ஸ்குரூ டிரைவரின் பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். பின் சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் சத்தம் மாறியது. இன்னொரு தட்டுக்குப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "பழைய வண்டின்னா துரு இருக்கத்தாம்மா செய்யும்" என்றார் அண்ணன். கதவு விளிம்பில் இருக்கும் துருவும் சேஸிஸில் இருக்கும் துருவும் ஒன்றல்ல. முழு வண்டியும் உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான். கோட்டை என்றாரே, அஸ்திவாரம் உதிர்ந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் கொஞ்ச நாள் போன் எடுக்கவில்லை.

பிறகு வாங்கியது 2010 மாடல். லேடர் சேஸிஸ் இல்லை, கார் போலவே ஒரே கூடாகச் செய்த எஸ்யூவி, உயரமும் குறைவு. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருந்தது, பக்கவாட்டு ஏர்பேக்குகளும் இருந்தன. அந்த மாடலில் வந்த இரண்டு இன்ஜின்களில் சின்ன இன்ஜின் போட்டதைத்தான் தேடினேன். அந்த வயதில் சக்தி கூடிய இன்ஜின் எதற்கு? சர்வீஸ் புக் முழுசாக இருந்தது. பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானமும் ஓடோமீட்டரில் இருந்த கிலோமீட்டரும் ஒத்துப்போயின. குறைவாகத்தான் ஓடியது என்று மீட்டர் காட்டி, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

குறையே இல்லாத வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஏசி சுமார். டிக்கி கதவு தானாக நிற்காது. டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்திருந்தது. பெரும்பாலும் ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். அதையும் நான்கு டயரையும் மாற்றினேன், ரிவர்ஸ் கேமரா வைத்தேன், ஏனென்றால் இவ்வகை வண்டிகளின் பின்னால் ஒரு குழந்தை நின்றால் கண்ணாடியில் தெரியாது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஏர்பேக் ரீகால் (கோளாறுக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பாக்கி இருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டேன். டகாட்டா ஏர்பேக் விவகாரம் தெரிந்திருக்கும், வெப்பத்திலும் ஈரத்திலும் வருஷக்கணக்காகக் கிடந்த இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊத வைக்கும் கருவி) வெடித்து உலோகத் துண்டுகள் பறந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை விட்டுவிடவே கூடாது. செலவு இலவசம், ஒரு போன்தான். மொத்தத்தில், வண்டிக்கென்று வைத்திருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

மகளுக்கு வண்டி பிடிக்கவில்லை. "ஆன்ட்டி வண்டி" என்றாள். ஆன்ட்டியின் சம்பளத்தில் வாங்கியது என்றேன். மூன்றாவது வரிசை சீட்டை மடக்கியே வைக்க வேண்டும் என்பதும், முதல் வருஷம் நண்பர்கள் கூட்டத்தை ஏற்றக்கூடாது என்பதும் சாவி கொடுக்கும்போதே பேசிக்கொண்டது. பின்னால் உட்காருகிறவர்களுக்கும் பெல்ட் கட்டாயம். வண்டி உருளும்போது பெல்ட் போடாதவர்கள்தான் வெளியே தூக்கி எறியப்படுகிறார்கள். ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரம்தான்.

ஒரு மழை நாளில் வளைவில் அந்த ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் விளக்கு மினுமினுத்ததாக வந்து சொன்னாள். "நான் பிரேக்கே அழுத்தலம்மா, அதுவா புடிச்சுது." அண்ணனிடம் சொன்னேன். ரோடு சரியில்லை என்றார்.

உங்கள் பட்ஜெட்டில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள எஸ்யூவி கிடைக்காமல், அது உள்ள நடுத்தர செடான் கிடைத்தால் செடானையே எடுங்கள், பையன் முகத்தைத் தூக்கினாலும் பரவாயில்லை. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டி எந்த ஆண்டு, எந்த வேரியன்ட் என்று கேள்வியில் இல்லை. அதையும் டயரின் அந்த நான்கு இலக்கத்தையும் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.