மழையில் வண்டி: பட்டறைக்காரரிடம் கேட்டவை

ஐப்பசி பிறந்ததும் கேள்விகள் குவிஞ்சிடுச்சு. ஒண்ணொண்ணா சொல்றேன். பட்டறைக்காரன் பதில்ங்கிறதால இன்ஜின் பக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

கேள்வி (வேளச்சேரி): தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் போகிறது, ஆட்டோகூடப் போகிறது. என் பெட்ரோல் காரை இறக்கலாமா?

பஸ்ஸைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நிறைய கார்கள்ல இன்ஜினுக்குக் காத்து இழுக்கிற வாய், முன்பக்க கிரில்லுக்குப் பின்னாடி, ஹெட்லைட் உயரத்துல இருக்கும். நிக்கிற தண்ணி முழங்கால் அளவுதான்னாலும், எதிர்ல வர்ற பஸ் கிளப்புற அலை பானெட் மேல ஏறிடும்.

சக்கரத்துல பாதிக்கு மேல முழுகும்னு தோணுச்சுன்னா திரும்பிடுங்க. அதுக்குக் குறைவா இருந்து, போயே ஆகணும்னா, முன்னாடி போற வண்டி கரையேறுற வரைக்கும் நில்லுங்க. அப்புறம் முதல் கியர்ல, ஆக்சிலரேட்டரை விடாம, நடக்கிற வேகத்துல ஒரே சீரா போங்க. நடுவுல கியர் மாத்த வேண்டாம். வெளிய வந்ததும் மெதுவா போயிட்டே பிரேக்கை ரெண்டு மூணு தடவை லேசா அழுத்துங்க. ஈரம் காயற வரைக்கும் பிரேக் சரியா பிடிக்காது.

அவரே: நடுத்தண்ணீரில் நின்றுவிட்டால்?

சாவியைத் தொடாதீங்க. பட்டறைக்கு வர்ற மழைக்கால வண்டிகள்ல பெரிய செலவு வைக்கிறது தண்ணி மட்டும் இல்ல, அதுக்கப்புறம் "ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போம்"னு போடுற ஸ்டார்ட்.

பிஸ்டன் மேல வரும்போது காத்தை அழுத்தும். சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா அது அழுங்காது. அந்த விசை முழுக்க பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடுல இறங்கி, ராடு வளையும். சில சமயம் உடைஞ்சு இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுடும். ஸ்டார்ட் பண்ணாம இழுத்துட்டு வந்தா நாங்க முதல்ல ஏர் ஃபில்டரைத் திறந்து நனைஞ்சிருக்கான்னு பார்ப்போம். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு இன்ஜினைக் கையால சுத்துவோம். தண்ணி இருந்தா பிளக் துளை வழியா பீய்ச்சி அடிக்கும். ஆயில் அளவு பார்க்கிற குச்சியில (டிப்ஸ்டிக்) ஆயில் பால் காப்பி நிறத்துல இருந்தா ஆயிலுக்குள்ளயும் தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். இந்தக் கட்டத்துலயே பிடிச்சுட்டா பல வண்டிகள் ஆயில், ஃபில்டர் மாத்துற செலவோட தப்பிச்சிடும்.

இன்னொண்ணு. சாதாரண முழு இன்ஷூரன்ஸ் பாலிசியில, தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணிக் கெட்ட இன்ஜினுக்குப் பொதுவா பணம் வராது. இன்ஜின் பாதுகாப்புன்னு தனியா சேர்க்கிற ஆட்-ஆன் இருக்கான்னு இன்னைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்க. அது இருந்தாலும் நிபந்தனையைப் படிச்சு வெச்சுக்கோங்க.

கேள்வி (தி.நகர்): சுரங்கப்பாதையில் ஓரத்தில் கொஞ்சம்தான் தண்ணீர் தெரிகிறது. போகலாமா?

வேண்டாம். துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம், எதுவா இருந்தாலும் சரிவா இறங்குற பாதை. ஓரத்துல கணுக்கால் அளவு தெரிஞ்சா நடுவுல ஆள் உயரம் இருக்கலாம். மாட்டிக்கிட்டா கதவோட மல்லுக்கட்டாதீங்க, வெளிய இருக்கிற தண்ணி அதைத் திறக்க விடாது. பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை இறக்கி அது வழியா வெளியேறுங்க.

ஊர்ப்பக்கம் தரைப்பாலத்துக்கும் இதேதான். அங்க தண்ணி ஓடும். ஓடுற தண்ணி ஓரடி இருந்தாலே சின்னக் காரைத் தள்ளிடும், ரெண்டடி இருந்தா பெரும்பாலான வண்டிகளை அடிச்சுட்டுப் போயிடும்.

கேள்வி (விழுப்புரம்): திருச்சி நெடுஞ்சாலையில் திடீரென ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. என்ன கோளாறு?

வண்டியில கோளாறு இல்ல. டயர் ரோட்டை விட்டுட்டுத் தண்ணி மேல மிதந்திருக்கு. அப்போ பிரேக்கை மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கையும் ஒடிக்காதீங்க. நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. ரெண்டொரு நொடியில பிடி திரும்பும். 80-க்கு மேல போனா நல்ல டயருக்கே இந்த ஆபத்து உண்டு, தேஞ்ச டயருக்கு அதுக்கும் கீழேயே வரும். டயரோட பள்ளத்துக்குள்ள குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டுக்குச் சமமா தேஞ்சிருந்தா சட்டப்படியே மாத்தணும். மழைக்காலத்துக்கு அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம்னுதான் நான் சொல்வேன். வண்டியைத் தானா ஒரே வேகத்துல ஓட வைக்கிற க்ரூஸ் கன்ட்ரோலையும் அணைச்சு வெச்சுடுங்க.

கேள்வி (மதுரை): கண்ணாடியில் பனி மாதிரி படிகிறது. துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது.

முதல்ல உள்பக்கமா வெளிப்பக்கமான்னு ஒரு விரலால தடவிப் பாருங்க. உள்ள படிஞ்சிருந்தா ஏசியைப் போட்டு, காத்தை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி வைங்க. வெளிய படிஞ்சிருந்தா கண்ணாடி அதிகமா குளிர்ந்துடுச்சுன்னு அர்த்தம். ஏசியைக் குறைச்சு வைப்பர் போடுங்க.

கேள்வி (கோவை): மழையில் நாலு இண்டிகேட்டரும் போட்டுக்கொண்டுதானே ஓட்ட வேண்டும்?

இல்லீங்க. அது நிக்கிற வண்டிக்கு. ஓடும்போது போட்டா நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. ஹெட்லைட் லோ பீம் போதும்.

கேள்வி (ஆவடி): நான் ஸ்கூட்டர் ஓட்டும் பெண். எனக்கும் ஏதாவது சொல்லுங்கள் அண்ணா.

உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்மா. முதல் மழை பெய்யற அரை மணி நேரம், ரோட்டுல கிடக்கிற ஆயிலும் தூசியும் குழைஞ்சு வழுக்கும், அப்போ எங்கயாவது ஒதுங்கிடுங்க. ஜீப்ரா கிராஸிங் வெள்ளைக் கோடு, மேம்பாலத்து இரும்பு இணைப்பு, மேன்ஹோல் மூடி மேலயெல்லாம் பிரேக் போடாதீங்க, சாய்ச்சுத் திருப்பாதீங்க. தேங்கின தண்ணியில ஓரமா போறதுதான் பத்திரம்னு நினைக்க வேண்டாம். மழைநீர் வடிகால் பள்ளமும் திறந்த மூடியும் அங்கதான் இருக்கும். முன்னாடி போற வண்டியோட சக்கரத் தடத்துலயே போங்க. அறுந்து கிடக்கிற ஒயரைப் பார்த்தா கிட்டவே போகாதீங்க.

கேள்வி (பொள்ளாச்சி): வால்பாறைக்கு மழையில் போகலாமா?

ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. பகல்ல போங்க. இறங்கும்போது ஏறின அதே கியர்ல இறங்குங்க, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க. மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. மண்சரிவுக்குக் கீழ நின்னு செல்ஃபி எடுக்கிறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கேள்வி (பள்ளிக்கரணை): எலெக்ட்ரிக் காருக்குத் தண்ணீர் பயம் இல்லையாமே?

காத்து இழுக்கிற இன்ஜின் இல்லாததால அந்த ஒரு பயம் இல்ல. பேட்டரிக்கு ஐபி67னு போட்டிருந்தா, ஒரு மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் தாங்கும்னு சோதிச்சிருக்காங்க. அது சோதனைக்கூடத்துத் தண்ணி. ராத்திரி முழுக்க சாக்கடைத் தண்ணியில நின்ன வண்டியை நீங்களா ஆன் பண்ணாதீங்க, சார்ஜும் போடாதீங்க. கம்பெனிக்குச் சொல்லி லாரியில ஏத்தி அனுப்புங்க.

அவரே: அப்படியானால் மேம்பாலத்தில் நிறுத்திவிடலாமா?

2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி பாலத்துல கார்கள் வரிசை கட்டி நின்னதைப் பார்த்துச் சிரிச்சவங்க உண்டு. நான் சிரிக்கல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல முழுகின வண்டிகளைப் பார்த்தவன் நான். ஆனா ஆம்புலன்ஸ் போக வழி விட்டு, ஒரே ஓரமா நிறுத்துங்க. முதல்ல போலீஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.