எஃப்எம்இஏ சந்தேகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

வேலை எந்த இடத்தில் தவறும், தவறினால் யாருக்கு என்ன பாதிப்பு, அது வெளியே போகும் முன் பிடிபடுமா, இதையெல்லாம் முன்கூட்டியே உட்கார்ந்து யோசிப்பதுதான் எஃப்எம்இஏ (ஃபெயிலியர் மோட் அண்ட் எஃபெக்ட்ஸ் அனாலிசிஸ்). ஒவ்வொரு தவறுக்கும் பாதிப்பு, நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் சிரமம் மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கினால் வருவது ஆர்பிஎன். என் அனுபவம் வாகன உதிரிபாக லைன்களிலும் அலுவலக பிராசஸ்களிலும். சர்டிபிகேட் கோர்ஸ் எது நல்லது என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி (ஓசூர், பிரஸ் ஷாப்): ஆர்பிஎன் 100-ஐத் தாண்டினால்தான் நடவடிக்கை என்று எங்கள் கம்பெனியில் விதி. சரியா அண்ணா?

சரியில்லை தம்பி. பாதிப்பு 9, நிகழும் வாய்ப்பு 2, கண்டுபிடிக்கும் சிரமம் 5 என்றால் பெருக்கி 90 வரும். பாதிப்பு 3, மற்ற இரண்டும் 6 என்றால் 108. உங்கள் விதிப்படி பிரேக் பிடிக்காமல் போகிற தவறு ஃபைலில் தூங்கும், பெயின்ட்டில் விழுந்த கீறலுக்குக் கூட்டம் நடக்கும். அமெரிக்க, ஜெர்மன் வாகனத் தொழில் அமைப்புகளான ஏஐஏஜியும் விடிஏவும் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட கையேட்டில் ஆர்பிஎன்னையே எடுத்துவிட்டு, பாதிப்பை முதலில் பார்க்கிற ஆக்‌ஷன் பிரையாரிட்டி அட்டவணையைக் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம்.

கேள்வி (திருப்பூர், அக்கவுண்ட்ஸ்): இது தொழிற்சாலைக்கு மட்டும்தானே சார்? எங்கள் சப்ளையர் பேமென்ட்டுக்குப் பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். பில் வருவதிலிருந்து பணம் போவது வரை ஒவ்வொரு படியையும் எழுதுங்கள் மேடம், ஒவ்வொன்றிலும் என்ன தவறலாம் என்று கேளுங்கள். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போகலாம். சாஃப்ட்வேர் தடுக்கும் என்பீர்கள், ஆனால் ஒருவர் 045/24 என்றும் இன்னொருவர் 45-24 என்றும் அடித்தால் அதற்கு அவை இரண்டு பில். அதைவிடப் பெரியது, சப்ளையர் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வருகிற போலி மெயில். என்இஎஃப்டியில் கணக்கு எண்ணை வைத்துத்தான் பணம் வரவாகிறது, நீங்கள் அடித்த பெயரை அதோடு ஒப்பிட்டு நிறுத்த மாட்டார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அனுப்பும் முன் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது, அதைக் கட்டாயப் படியாக வையுங்கள். அப்புறம், கணக்கு மாற்றம் என்றால் மெயிலில் இருக்கும் எண்ணுக்கு இல்லை, உங்களிடம் பழைய பதிவில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட வேண்டும்.

கேள்வி (வங்கி ஊழியர்): இதற்கு இவ்வளவு எதற்கு? மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர் பார்த்தால் போதுமே.

போதாது. 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்கு வட்டியாக சுமார் 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டிய இடத்தில், அசலையும் சேர்த்து சுமார் 90 கோடி டாலரைக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டது. பதிவு செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பேர் பார்த்தார்கள். அசல் வெளியே போகாமல் இருக்கத் திரையில் மூன்று கட்டங்களை டிக் செய்ய வேண்டும், ஒன்று போதும் என்று மூவருமே நம்பினார்கள். ஒரே தவறான புரிதலோடு எத்தனை பேர் பார்த்தாலும் அது ஒரே ஆள் பார்த்த மாதிரிதான்.

மறுபடி வங்கி ஊழியர்: அது பயிற்சிக் குறைவு. நான்காவது ஆள் இருந்திருந்தால் பிடித்திருப்பார்.

நான்காவது ஆளும் முந்தைய மூன்று கையெழுத்தை நம்பித்தான் போடுவார் நண்பரே. ஆள் கூடக் கூட "அவர் பார்த்திருப்பார்" என்பதும் கூடும். அந்தத் திரை ஒரு எச்சரிக்கை காட்டியது, பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று. எவ்வளவு என்று சொல்லவில்லை! தொகையைக் காட்டியிருந்தால் அங்கேயே யாராவது கையை எடுத்திருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். 1961-இல் ஜப்பானில் யமடா எலக்ட்ரிக்கில் சுவிட்சுக்குள் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றை வைக்கத் தொழிலாளர்கள் மறந்தார்கள். ஷிகியோ ஷிங்கோ என்ற தொழில்துறை இன்ஜினியர் அங்கே இன்னொரு செக்கரைப் போடவில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு சின்னத் தட்டில் எடுத்து வை, பிறகு பொருத்து என்றார். தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தவருக்கே தெரிந்துவிடும். மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பை.

கேள்வி (ஒரகடம்): ஆர்பிஎன் எவ்வளவு வந்தால் ஆபத்து?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): இதை யார் கண்டுபிடித்தது சார்?

அமெரிக்க ராணுவம், 1949, மில்-பி-1629 என்ற நடைமுறை. பிறகு அப்போலோ திட்டம், எழுபதுகளில் ஃபோர்டு.

கேள்வி (மருத்துவமனை நிர்வாகம்): மருந்து மாறிப்போவதைத் தடுக்க?

என் துறை இல்லை. ஹெச்எஃப்எம்இஏ என்று மருத்துவத்துக்கே ஒரு வடிவம் இருக்கிறது, அதை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (கோவை, பம்ப்): சீல் வைக்க மறக்காமல் இருக்க ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்தோம், பாதிப்பை 8-லிருந்து 4 ஆக்கி ஆர்பிஎன் 100-க்குள் கொண்டுவந்தோம். ஆடிட்டர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

மறுபடியும் 100! பயிற்சி கொடுத்ததால் மோட்டாரில் தண்ணீர் இறங்கினால் வருகிற சேதம் பாதியாகிவிடுமா? டிசைனை மாற்றாமல் பாதிப்பு எண் இறங்காது. "பயிற்சி அளிக்கப்பட்டது" என்பதை நடவடிக்கையாக எழுதாதீர்கள், மேலே வங்கி நண்பரிடம் சொன்னதும் இதேதான். சீல் வைக்காமல் மூடி பொருந்தாதபடி ஃபிக்ஸ்சரை (பாகத்தைப் பிடித்துவைக்கும் சாதனத்தை) மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர்): கூட்டத்தில் யார் யார் இருக்க வேண்டும்?

அந்த வேலையைக் கையால் செய்கிறவர் கட்டாயம், மெயின்டெனன்ஸ் ஆள் ஒருவர், கஸ்டமர் கம்ப்ளைன்ட் பார்க்கிறவர் ஒருவர். குவாலிட்டி இன்ஜினியர் தனியாக ஏசி ரூமில் பழைய ஃபைலைக் காப்பி அடித்து முடிப்பது வேண்டாம். கூட்டத்தை லைன் பக்கத்திலேயே வையுங்கள், நைட் ஷிப்ட் ஆபரேட்டரையும் ஒருநாள் பகலில் ஓவர்டைம் கொடுத்துக் கூப்பிடுங்கள், பகலில் நடக்காத தவறுகள் அவருக்குத்தான் தெரியும்.